புதூர்நாட்டுச் சாமையும் காகிதத்தில் தூங்கும் உரிமையும்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலை புதூர்நாட்டுக்குப் போகிறது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆகிய மூன்றும் திருப்பத்தூர் மாவட்டத்தின் மலை ஊராட்சிகள். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலை மக்கள்.

இவர்களின் பழைய பயிர் சாமை. மேட்டு நிலத்தில், மழையை மட்டும் நம்பி விதைப்பது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் கதிர் அறுத்துவிடலாம். நெல்லைப் போலத் தேங்கிய தண்ணீர் கேட்காது. அறுவடை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான விதையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சோற்றுக்கு எடுப்பார்கள்.

மழை காலம் தப்பினால் இந்த விதைதான் வீட்டின் பெரிய கவலை. முதல் மழையை நம்பி விதைத்த பிறகு மூன்று வாரம் வானம் காய்ந்தால் முளை கருகிவிடும். மீதி விதையையும் மண்ணில் போடுவதா, அடுத்த ஆண்டுக்குப் பானையிலேயே விடுவதா? போட்டுக் கருகினால் விதையே இல்லை. போடாமல் விட்டால் இந்த ஆண்டுச் சோறு இல்லை. ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல்லைக் கேள்விப்படாத வீட்டிலும் இந்தக் கணக்கு உண்டு.

கணக்கு தப்பினால் இளைஞர்கள் மூட்டை கட்டுகிறார்கள். திருப்பூருக்கும், கேரளத்துக்கும், கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறார்கள். தரகர் பேச்சை நம்பிச் செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். மழை பொய்த்ததுதான் அவர்களைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிலத்தில் வருமானம் இல்லாத வீட்டின் கதவைத்தான் தரகர் தட்டுகிறார்.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

2024 நவம்பர் 24. அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்தது. வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் உதவி கேட்டன. பணக்கார நாடுகள் தலைமையேற்றுத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி டாலர். அதுவும் 2035ஆம் ஆண்டுக்குள். இந்தியா அந்த அரங்கிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம், 2025 ஜனவரி 20 அன்று, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக அதன் அதிபர் உத்தரவில் கையெழுத்திட்டார்.

சராசரி அமெரிக்கர் ஒருவரால் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. சராசரி இந்தியருக்கு அது சுமார் 2 டன். விறகடுப்பும் ஏர்மாடும் உள்ள புதூர்நாட்டு வீட்டின் பங்கு அதிலும் குறைவாகத்தான் இருக்க முடியும். கெடுத்தவர் ஒருவர், படுபவர் இன்னொருவர். இதைப் படிக்கும் கல்லூரி மாணவர், “அரசுகளே அசையாதபோது நாம் எதை நம்புவது?” என்று கேட்பதில் தவறில்லை.

நமக்கு இது புதிதல்ல

அரசு அசையவில்லை என்பது நகரத்துப் படித்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். சேரியில் பிறந்தவருக்கும் மலையில் பிறந்தவருக்கும் அது பழகிய செய்தி. அரசு தானாக அசையும் என்று காத்திருந்திருந்தால் நாம் பொதுக் கிணற்றில் இன்னும் தண்ணீர் எடுத்திருக்க மாட்டோம்.

1923ல் பம்பாய் சட்டமன்றம், பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. சாதி இந்துக்களுக்குப் பயந்து ஒருவரும் குளத்தில் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அடிதடி நடந்தது. குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு நீதிமன்றம் போனது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து ஆண்டுகள் ஆயின.

நம் மாகாணத்திலும் 1924ல் இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெருவும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அந்தக் காகிதத்தை ஊர் ஊராக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத நம் பாட்டன் பாட்டிகள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம்மவர்கள் அரசின் நல்ல மனத்தை நம்பியதில்லை. காகிதத்தில் வந்துவிட்ட உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தார்கள். நமக்கு நம்பிக்கை என்றால் அந்த நடைதான்.

இன்று நம் கையில் உள்ள காகிதம்

புதூர்நாட்டு மக்கள் கையில் இன்று இருக்கும் பெரிய காகிதம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் அதுவும் தூங்கிய சட்டம்தான். 2008ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை வழங்குவது ஆண்டுக்கணக்கில் தடைபட்டது. 2016ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

வன உரிமைச் சட்டம் என்றால் உழுகிற நிலத்துக்குப் பட்டா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டா அதில் ஒரு பகுதி மட்டுமே. தனிநபர் நில உரிமைக்கு ஏ படிவம். தேன், கடுக்காய், புளி போன்ற சிறுவனப் பொருள் சேகரிப்பு, மேய்ச்சல், நீர்நிலை ஆகிய சமூக உரிமைகளுக்கு பி படிவம். ஊரின் மரபு எல்லைக்குள் உள்ள காட்டையே காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு சி படிவம். காட்டையும் ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் பாதுகாக்கும் அதிகாரத்தை 5ஆம் பிரிவு கிராம சபைக்குத் தருகிறது. மனு முதலில் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம் அல்ல, கிராம சபை. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சான்றாக ஆவணம் மட்டும்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஊர்ப் பெரியவர் வாயால் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஒரு சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று சேர்த்தால் போதும்.

அடிவாரத்துத் தலித் குடும்பங்களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பழங்குடி அல்லாதவர், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அந்தக் காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் ‘பிற மரபுவழி வனவாசி’ என்று உரிமை கோரலாம். பழங்குடிகளின் பட்டியல் வேறு, நம் பட்டியல் வேறு. பாடு ஒன்றுதான்.

காட்டு உரிமைக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு? கோடையில் மலையில் தீப்பிடித்தால் முதலில் பார்ப்பவர் அங்கே குடியிருப்பவர். புளியும் கடுக்காயும் தனக்குச் சோறு போடும் என்றால் அந்த மரத்தை வெட்ட விடமாட்டார். செய்யாறு பிறப்பது இந்த மலையில். அது கீழே போய்ப் பாலாற்றில் சேர்கிறது. மேலே காடு நின்றால் மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கி மெல்ல ஊறி வரும். காடு போனால் ஒரே நாளில் வெள்ளமாக ஓடி, மறுமாதம் ஆறு காயும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர் இருக்கிறது. 2009ல் அந்த ஊர் சுமார் 1,800 எக்டேர் காட்டின் மேல் சமூக உரிமை பெற்றது. ஆனாலும் தன் மூங்கிலை விற்க வனத்துறை அனுமதிச் சீட்டு தரவில்லை. மக்கள் விடவில்லை. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்தார். சீட்டு எழுதும் அதிகாரம் கிராம சபையின் கைக்கு மாறியது. காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள்.

சமவெளிக்கும் காகிதம் உண்டு

வேலூர், திருப்பத்தூர் வெயில் எப்படி என்று நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் களை எடுப்பவரும் செங்கல் சூளையில் நிற்பவரும் பெரும்பாலும் நம் மக்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்று பதிவானால்தான் அது கிடைக்கும். வயலில் விழுந்தவரை ‘மாரடைப்பு’ என்று எழுதிக்கொண்டு தூக்கி வந்துவிட்டால் காகிதம் காகிதமாகவே இருக்கும். கேட்க ஆள் வேண்டும்.

அதே 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்பது அந்தத் தீர்ப்பு.

‘கெடுத்தவரே ஈடு தர வேண்டும்’ என்று இன்று உலக மாநாடுகளில் பேசுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அந்த நெறி வேரூன்றிய வழக்குகளில் ஒன்று நம் பாலாற்று வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆறு சுத்தமாகவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி அரசைக் கேட்டது. இடையில் 28 ஆண்டுகள். தோல்வி என்று இதைச் சொல்லலாம். ஆனால் கேட்பதை யாராவது நிறுத்தியிருந்தால் இரண்டாவது தீர்ப்பு வந்திருக்காது.

பொய் நம்பிக்கை வேண்டாம்

சாமை விதைத்தால் பூமி குளிர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உலை எரிக்கும் நாடுகள் எரிப்பதை நிறுத்தாமல் வெப்பம் நிற்காது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் முதல்முறையாக 1.5 டிகிரிக்கு மேல் போய்விட்டது. ஆனால் முழுதாகத் தோற்றுவிட்டோம் என்பதும் பொய். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன் உலகம் இந்த நூற்றாண்டு முடிவில் 4 டிகிரி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்போதைய கணிப்பு சுமார் 3 டிகிரி. அதுவும் ஆபத்துதான். ஆனாலும் குறைந்த ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு விதையைக் காப்பாற்றும். சூரிய மின்தகட்டின் விலை பத்தே ஆண்டில் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி இல்லாமல் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021ல் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில் பேசினார்.

சாமைக்கும் அரசிடம் கேட்க ஒன்று உண்டு. 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். ஜவ்வாது மலைச் சாமையை மலை மக்களிடமே நல்ல விலைக்கு வாங்கி, இந்த மாவட்டத்து ரேஷனிலும் விடுதிகளிலும் ஏன் தரக்கூடாது? விலை கிடைத்தால் விதைப்பார்கள். விதைத்தால் விதை அழியாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. படிக்கிற பிள்ளைகள் அடுத்த சபைக்கு வீட்டில் இருக்கும் தாத்தாவையும் ஆயாவையும் அழைத்துப் போங்கள். நம் ஊர்க் காடு எந்தப் பாறையில் தொடங்கி எந்த ஓடையில் முடிகிறது என்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் எழுதுங்கள். எழுதியதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லி, ஒரு நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.