பின்கொம்பில் ஒளிரும் இழைகள்

முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்தைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால், நடுவே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சாம்பல் நிறப் பிரதேசம் தெரியும். சுட்டதையும் குத்தியதையும் தொட்டதையும் தோலிலிருந்து ஏந்திவரும் நரம்பிழைகள் அதன் பின்கொம்புகளிலேதான் நுழைந்து கிளைவிடுகின்றன. அவ்விழைகளின் உருவத்தை வெள்ளிச் சாயமேற்றித் துலக்கிய பெருமை ஸ்பெயின் தேசத்துக் காஹாலுக்கு உரியது. ஆயினும், இவ்விழை வேதனையைச் சுமப்பது, அவ்விழை ஸ்பரிசத்தைச் சுமப்பது என்று அந்தச் சாயம் பிரித்துச் சொல்லவில்லை. ஒவ்வோர் இழையும் தன்னுள் வைத்திருக்கும் இரசாயனம் மறைபொருளாகவே இருந்தது.

அதை வெளிக்கொணர்ந்த உபாயம் நரம்பு சாஸ்திரத்தில் பிறந்ததன்று. அந்நியப் பொருளொன்று சரீரத்தில் புகுந்தால், அதையே இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருளைச் சரீரம் உண்டாக்குகிறதல்லவா? 1941-ல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ், நிமோனியாக் கிருமிக்கு விரோதமான எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அது பற்றிய இடமே கண்ணுக்குப் புலப்படும்படி செய்தார்.

1931-ல் லண்டனில் ஆய்லரும் காடமும் கண்டறிந்த ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் பொருள், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தூய வடிவில் எவர் கைக்கும் அகப்படாதிருந்து, 1970-களின் தொடக்கத்தில் சூசன் லீமன் குழுவினரால் 11 அமினோ அமிலங்களின் தொடரான பெப்டைடென்று நிச்சயிக்கப்பட்டதும், இவ்வுபாயத்துக்குத் தக்க தருணம் வாய்த்தது. அப்பொருளைப் பெரிய புரதமொன்றோடு சேர்த்து முயலுக்கு ஊசியேற்றிப் பெற்ற எதிர்ப்பொருளை, மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு கனமாகச் சீவிய தண்டுவடத் துண்டின்மீது இடுவார்கள். அதன்பின், முயலின் எதிர்ப்பொருளையே பற்றவல்லதும் சாயம் பிணைத்ததுமான இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவார்கள். 1975-ல் ஸ்டாக்ஹோமின் தோமஸ் ஹோக்ஃபெல்ட்டும் அவருடைய சகாக்களும் இவ்வகையில் ஆராய்ந்தபோது, உணர்வு நரம்பணுக்களிலும், மெல்லிய வேதனை இழைகள் வந்து சேரும் பின்கொம்பின் மேலடுக்குகளிலும் அப்பொருள் ஒளிர்ந்து நின்றது.

ஒளி கண்டதும் உண்மை கண்டோமென்று இத்துறையினர் அவசரப்படாதிருந்ததையே நான் எல்லாவற்றினும் மேலாகப் போற்றுகிறேன். எதிர்ப்பொருளோடு தூய சப்ஸ்டன்ஸ் பியை முன்னதாகவே கலந்து அதன் பிடிகளை நிரப்பிவிட்டால், துண்டில் ஒளி தோன்றலாகாது. தோன்றினால் அந்த ஒளி பொய். இச்சோதனையில் தேறிய பின்னரும், உருவொத்த வேறொரு பெப்டைடை எதிர்ப்பொருள் பற்றியிருக்கக் கூடுமாதலால், ‘சப்ஸ்டன்ஸ் பி போன்றது’ என்றே அடக்கத்துடன் எழுதினார்கள். அடுத்த சோதனை இன்னும் கடுமையானது. பிராணியின் தண்டுவடத்துள் உணர்விழைகள் நுழையும் பின்வேர்களை வெட்டிச் சில நாள் சென்று பார்த்தால், வெளியிலிருந்து வந்த இழைகள் அழிந்து ஒளி மங்குகிறது. எனினும், தண்டுவடத்தின் சொந்த அணுக்களும் சப்ஸ்டன்ஸ் பியை ஆக்குவதால் அது முற்றும் அணைவதில்லை. 1980-களில் அறியப்பட்ட சி.ஜி.ஆர்.பி. என்னும் பெப்டைடோ, வேர்களை வெட்டியதும் பின்கொம்பிலிருந்து அநேகமாக முழுதும் மறைந்துபோகிறது. ஆகவே, பின்கொம்பில் அது ஒளிருமிடமெல்லாம் வெளியிலிருந்து வந்த உணர்விழை உண்டென்று துணிந்து கூறலாம். ஆனால் ஸ்பரிசத்துக்குரிய தடித்த இழைகள் பெரும்பாலும் அதில் ஒளிர்வதில்லை.

இந்தத் துணிவின் பயன், தண்டுவடம் காயமுற்றவர்களைப் பீடிக்கும் தீராத வேதனையை ஆராயும்போது விளங்குகிறது. எலியின் தண்டுவடத்தைப் பாதி வெட்டிய ஆய்வொன்றில், சி.ஜி.ஆர்.பி. ஒளி தனக்குரிய மேலடுக்குகளைத் தாண்டி ஆழத்திலும் பரவக் கண்டார்கள்; வெளியிலிருந்து வந்த உணர்விழைகள் அங்கும் இருப்பதற்கு அதுவே அடையாளம். நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தண்டுவடத்தில் செலுத்தியபோதோ அந்தப் பரவல் குன்றியது, மெல்லத் தொட்டாலே துடிக்கும் தன்மையும் அவ்வெலிகளிடம் தணிந்தது.