இசைத்தட்டில் தவில்

கோயில் வீதியில் தவிலைக் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்துச் செவிக்கு, சிறிய ஒலிபெருக்கியில் அது தவிலாகவே தோன்றுவதில்லை. தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்கள் எழுப்புவது கூரிய ஒலி. தொப்பியில் கழி எழுப்புவது ஆழ்ந்த முழக்கம். ஆழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றை அசைத்தாக வேண்டும். உள்ளங்கையளவுக் கருவிக்கு அஃது இயலாது. ஆகவே, 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளைக் கேட்போருள் பலர், அவர் வாசிப்பிற் பாதியையே கேட்கின்றனர் எனலாம்.

நல்ல ஒலிபெருக்கி வந்ததும், தேர்முட்டியடியே வீட்டுக்குள் வந்துவிட்டதென மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சிக்கும் எல்லையுண்டு. தட்டிற் பதியாததை எக்கருவியும் தராது. மின்முறைப் பதிவு 1925இல் வருமுன், கூம்பின் வழியே பதிந்த தட்டுகளில் அடித்தொனி பெரும்பாலும் இல்லை. இரைச்சலோ புதுக் கருவியில் முன்னிலும் தெளிவாய்க் கேட்கும்!

உண்மையில் முதலிற் பார்க்க வேண்டியது ஊசியையே. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. 1948இல் வந்த நெடுநேரத் தட்டுக்குரிய ஊசிமுனை, பழைய ஊசிமுனையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அந்த நுண்ணூசியைப் பழைய தட்டில் இட்டால், அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே மிகுவிக்கும். தேய்ந்த ஊசி இதனினும் கொடிது. பள்ளத்தின் சுவரையே அரித்துவிடும். ஒலிபெருக்கியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பாட்டனார் பேழையிலுள்ள தட்டு அரிபட்டால், அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது.