கறவை மாடும் படைப்பின் பராமரிப்பும்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் இந்தப் பகுதியில், ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. விளைச்சல் பணம் அறுவடைக்குப் பிறகுதான் வரும். அதுவரை மளிகைக்கும் பள்ளிச் செலவுக்கும் கைகொடுப்பது பால் பணமே.

ஆனால், பூமி சூடாவதற்கு மாடுகளும் காரணம் என்று இன்று பேசப்படுகிறது. இதில் உண்மை உண்டா? உண்டு. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தைச் செரிக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அப்படியானால் ஏழைக் குடும்பம் மாட்டை விற்றுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மாட்டை நன்றாகப் பராமரித்தாலே மண்ணுக்கும் காற்றுக்கும் பாதி நன்மை செய்தவர்கள் ஆகிறோம்.

முதலாவது, தீவனம். வெறும் வைக்கோலைத் தின்னும் மாடு குறைவாகவே பால் தரும். ஒரு லிட்டர் பாலுக்கு அது வெளிவிடும் மீத்தேனோ அதிகம். வைக்கோலோடு கம்பு நேப்பியர் புல், அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி ஆகியவற்றையும் தாது உப்புக் கலவையையும் கொடுத்தால் செரிமானம் சீராகும், பால் கூடும். கடலைப் பிண்ணாக்கு நல்ல தீவனம்தான். ஆனால் ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அது பாலிலும் கலக்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகளே.

இரண்டாவது, சாணம். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடுகிறது. அது தண்ணீர் தேங்கிய குழியில் அழுகினால் அதிலிருந்தும் மீத்தேன் எழும்பும். சாண எரிவாயுக் கலனில் இட்டால் அதே வாயு அடுப்பில் எரியும். விறகுப் புகையிலிருந்து தாய்மார்களின் கண்களும் நுரையீரலும் தப்பிக்கும். எஞ்சிய கரைசல் வயலுக்கு எருவாகிறது. நான்கைந்து மாடுகள் இருந்தால் ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். கலன் அமைக்க வசதியில்லாதவர்கள் சாணத்தை நிழலில் மக்கவைத்து நிலத்தில் இடலாம்.

மூன்றாவது, மருந்து. மாடுகளுக்கு வலி நீக்கப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களிலிருந்து இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகு இனங்கள் சில 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயின. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. ஒரு தொழுவத்தில் போடும் ஊசி வானத்துப் பறவையையும் தொடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மடிநோய்க்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் நுண்ணுயிர்க்கொல்லி போடுவதும், மருந்து போட்ட நாட்களின் பாலை விற்பதும் தவிர்க்க வேண்டியவை. நோயின் தொடக்கத்தில் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடியில் பூசும் மூலிகை முறையைக் கால்நடை மருத்துவ அறிஞர்களே பரிந்துரைக்கிறார்கள்.

நான்காவது, நம் எல்லாருக்கும் உரியது: பிளாஸ்டிக் பை. மிச்ச உணவைப் பையில் கட்டி எறிந்தால், உணவு வாசனைக்கு மாடு பையோடு விழுங்கிவிடும். பை செரிக்காது, வயிற்றில் சேர்ந்து சேர்ந்து, தீவனத்துக்கு இடமில்லாமல் மாடு மெலிந்து சாகும். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. ஆனாலும் திருவிழா முடிந்த எந்த ஊர்த் தெருவைப் பார்த்தாலும், கோயிலானாலும் ஆலயமானாலும், பைகள் கிடக்கத்தான் செய்கின்றன.

ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவது இயல்பான கடமை என்பதை இயேசுவே எடுத்துக்காட்டாகச் சொன்னார். வாயில்லா உயிரின் தாகம் நாள் பார்த்து வருவதில்லை. மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்புக்கு வண்ணம் பூசி மகிழ்கிறோம். மற்ற 364 நாட்களும் அதற்கு நல்ல தீவனம், நிழல், தண்ணீர் கிடைக்கிறதா? மாடு வைத்திருப்போர் இதைத் தங்கள் தொழுவத்தில் பார்க்கட்டும். மாடு வைத்திராத நாம், அடுத்த பங்குத் திருவிழாவில் அன்னதானத்தை வாழை இலையிலோ தையல் இலையிலோ பரிமாறுவோம். அந்த இலையை மாடு தின்றாலும் கேடில்லை.