மணமிழந்த வாழ்வும் காரணத் தேடலும்

பார்வையிழந்தோர்க்கும் செவிப்புலனிழந்தோர்க்கும் சமுதாயம் ஓரளவேனும் இரங்குகின்றது. மணமறியும் ஆற்றலை இழந்தவரோ தமது குறையை எடுத்துரைக்கவும் கூசுகின்றார். ஐம்புலன்களுள் எளிதிற் கைவிடத்தக்கது மணப்புலனே என்னும் கருத்தை ஜேர்மானியத் தத்துவஞானியான கான்ற் 1798இல் வெளியிட்ட தமது மானிடவியல் நூலிற் கூறினார். இம்மதிப்பீடு எத்துணை தவறானது என்பதை 2020இற் பரவிய கொவிட் நோய் உலகிற்கு உணர்த்திற்று. மணவிழப்பின் காரணத்தைத் தேடுவது மருத்துவ வினா மட்டுமன்றிச் சமூக வினாவுமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில், இழக்கப்பட்டது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். தமிழ் மரபு சுவை ஆறு என வகுத்தது. தற்கால உடற்றொழிலியலோ இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு, 1908இல் யப்பானிய அறிஞர் இக்கேடா இனங்கண்ட உமாமியையும் சேர்த்து ஐந்தையே அடிப்படைச் சுவைகளாகக் கொள்கின்றது. மிளகாயின் உறைப்பு, வெப்பத்தையும் நோவையும் உணர்த்தும் வேறொரு நரம்பின்வழி அறியப்படுவது. கறியின் உருசி என நாம் கருதுவதிற் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்வழியே மூக்கை அடையும் மணமேயாகும். எனவேதான் மணமிழந்தவர் உறைப்பை அறிவார். சீரகத்தையும் கொத்தமல்லியையும் வேறுபிரித்தறியார். "நாச் செத்துவிட்டது" என்று முறையிடுபவருக்குச் சீனியும் உப்பும் தெரியுமாயின், குறை பெரும்பாலும் மூக்கிலேயே உளது எனலாம். நாவின் சுவையை மூன்று சோடி நரம்புகள் மூளைக்குக் கொண்டுசெல்வதால், சுவை முற்றாக அழிவது அரிது.

மணவிழப்புக்குக் காரணங்கள் பல. நாட்பட்ட மூக்கழற்சியும் மூக்கினுள் வளரும் சதையும் மணத்தின் வழியை அடைக்கின்றன. தலையில் அடிபடும்போது, சல்லடை போன்ற எலும்பின் துளைகளூடாக மூளைக்குச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் அறுபடக்கூடும். வைரசுகள் மூக்கின் மேலணியைச் சிதைக்கின்றன. கொவிட் வைரசு, மணநரம்புக் கலங்களைக் காட்டிலும் அவற்றைத் தாங்கும் துணைக்கலங்களையே முதன்மையாகத் தாக்குகின்றது என 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சில மருந்துகளும் முதுமையும் காரணமாதலுண்டு. பார்க்கின்சன் நோயில், நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மணவுணர்வு குன்றுதல் உண்டு. ஆயினும் மணமிழந்தோர் அனைவரும் அந்நோய்க்கு ஆளாவர் என அஞ்சுதல் தவறு.

இப்பட்டியலில் அடிக்கடி விடுபடுவது தொழிற்களமாகும். சுவீடனில் நிக்கல்-கட்மிய மின்கலத் தொழிலாளரை ஆராய்ந்த லார்ஸ் பிரைபேர்க், கட்மியத் தூசியைச் சுவாசித்தோரிடையே மணவிழப்பும் காணப்படுவதை 1950இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். விரலை இழந்த தொழிலாளியின் காயம் எவர் கண்ணுக்கும் புலப்படும். சிறிது சிறிதாக மணமிழப்பவரோ தமது இழப்பைத் தாமே அறியாதிருத்தல் கூடும். நோயாளியிடம் "என்ன மருந்து உட்கொள்கின்றீர்?" என வினவும் மருத்துவர், "என்ன தொழில் செய்கின்றீர்?" எனவும் வினவுதல் இன்றியமையாதது.

இக்குறையோடு வாழ்வது எளிதன்று. எரிவாயுக் கசிவு, புகை, பழுதடைந்த உணவு ஆகியவற்றின் எச்சரிக்கை இவர்களை எட்டுவதில்லை. சமைப்பவர் தமது கைப்பக்குவத்தை நம்பவியலாது பிறரை நாடவேண்டியுள்ளது. சிலருக்குக் கோப்பியும் வெங்காயமும் அழுகல் நாற்றமாய்த் திரிபடைகின்றன. பசி குன்றுகிறது, தமது உடல் மணம் பற்றிய ஐயம் பிறரோடு கூடுவதையும் தடுக்கிறது. இவற்றை மனப்பிரமை என ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மணநரம்புக் கலங்கள் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுவன. ஜேர்மனியின் திரெஸ்டென் நகரில் தோமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறையாகப் பன்னிரண்டு வாரங்கள் முகர்ந்தோரிற் சிலர் முன்னேற்றம் கண்டனர். இப்பயிற்சி எல்லோர்க்கும் பயன்தருவதன்று. ஆனால் செலவும் தீங்கும் குறைந்தது. வீட்டிற் புகையுணர் கருவி, உணவுப் பொதிகளில் திகதிக் குறிப்பு, சமையலறையில் நம்பத்தக்க இன்னொரு மூக்கு ஆகியன அன்றாடத் துணைகள்.

காரணம் தெளிவாகாத நோயாளர் என்றும் இருப்பர். காரணம் தெரியவில்லை என்பதனால் துன்பம் இல்லை என்றாகிவிடாது. அவர் சொல்லை நம்புவதே மருத்துவத்தின் முதற்படி. தொழிலாளியின் மூக்கையும் காக்கத்தக்க உறுப்பென ஏற்பது சமுதாயத்தின் கடன்.