வெள்ளவத்தை: மனையும் அங்காடியும்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைக் கற்றோர், புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாய் விளங்கியதை மறந்திரார். கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வணிகமும் கைத்தொழிலும் மலிந்தன; பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடியினர் மனைகளும் சிறந்தன; இரண்டற்கும் இடையே நாளங்காடி கூடிற்று. இதனை வகுப்பில் விளக்கியபோது, “மனையும் கடையும் பிரியாது ஒன்றாய்க் கிடக்கும் ஊரும் உண்டோ?” என ஒரு மாணவன் வினவினான். கொழும்பு வெள்ளவத்தையைச் சுட்டினேன். அன்று மணி அடித்தமையாற் கூறாது விட்டதை ஈண்டு எழுதுகின்றேன். நம் பழைய மாணவர் பலர் அங்கு வாழ்பவராதலின், அவர்க்கு இதிற் புதுமை குறைவாயிருத்தல் கூடும்.

வெள்ளவத்தை என்பது சிங்களப் பெயரின் தமிழ் வடிவம். ‘வெல்ல’ என்பது மணல். ‘வத்த’ என்பது தோட்டம். தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சென்ற நம்மவர் புகுந்ததும் ஒரு தோட்டமே என்பது நகைப்பிற்குரியது. வடக்கே பம்பலப்பிட்டியும் தெற்கே தெகிவளையும் எல்லை. மேற்கே கடல். கடலுக்கு இணையாகப் புகையிரதப் பாதையும், அதற்குச் சற்றுக் கிழக்கே காலி வீதியும் செல்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் குறுக்கு ஒழுங்கைகளே ஊரின் விலா எலும்புகள். காலி வீதியிற் கடை, ஒழுங்கையில் வீடு, ஒழுங்கை முடிவிற் கடல்.

இவ்வமைப்புக்குக் காரணம் புகையிரதம். கரையோரப் பாதை 1877 ஆம் ஆண்டளவில் இப்பகுதியைக் கடந்து சென்றபின், கோட்டையிலுள்ள கந்தோர்களிற் பணிபுரிந்தோர் நிலையத்துக்கு அண்மையில் வீடு தேடினர். யாழ்ப்பாணத்து இலிகிதர் பலர் இங்ஙனம் குடியேறியவரே. யப்பானில் தோக்கியோ மாநகரின் சிமோகிதசாவா என்னும் பகுதியும் இத்தகையதே. அங்கு 1927 இலும் 1933 இலும் வந்த இரு புகையிரதப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்தில், ஒடுங்கிய தெருக்களில் வீடும் சிறுகடையும் நெருங்கி வளர்ந்தன. இன்று அஃது இளைஞர் விரும்பிக் கூடும் இடம். பாதை போடுவோர் பயணத்தையே எண்ணுகின்றனர். ஊர் தானாக வந்து அமைகின்றது. நம் பதுளைக்கும் 1924 இல் புகையிரதம் வந்தது. அது நம்மைக் கொழும்புக்குக் கொண்டு சென்றதே மிகுதி.

இலிகிதர் மட்டும் வெள்ளவத்தையை ஆக்கினாரல்லர். அங்கிருந்த நூற்றல் நெசவு ஆலையிலே தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் உழைத்தனர். அவ்வாலையை நினைவு கூர்வோர் இன்று அருகிவிட்டனர். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருத்திரா மாவத்தையில் உள்ளது. அதன் நூல்நிலையம் தமிழாசிரியர் யாவரும் ஒரு முறையேனும் காணற்பாலது. இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் கழகம், பூபாலசிங்கம் புத்தகசாலையின் கிளை ஆகியனவும் சிறிது நேர நடையில் எய்தக் கூடியவை.

இவ்வூர் வளர்ந்த வழி நேரானதன்று. 1958 இலும் வன்செயல் நிகழ்ந்தது. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெள்ளவத்தையின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அவ்வாரத்திலேயே, 27 ஆம் நாள், பதுளை நகரின் தமிழர் கடைகளும் எரிந்தன. கொழும்பில் வீடிழந்தோர் அகதி முகாம்களில் இருந்து, பலர் கப்பலில் யாழ்ப்பாணம் சென்றனர். மீண்டு வாரார் என்று எண்ணப்பட்ட ஊருக்குத் தமிழர் மீண்டும் வந்தனர். வடக்கிற் போர் மூண்டபின் இடம்பெயர்ந்தோரும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் விடுதிகளை நிறைத்தனர். 2007 யூன் 7 ஆம் நாள் விடியுமுன், வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே கூறப்பட்ட காரணம். மறுநாளே உயர் நீதிமன்றம் இதனைத் தடை செய்தது. பின்னர்ப் பிரதமரும் வருத்தந் தெரிவித்தார். ஒரு நகரில் தங்குதற்குக் காரணம் காட்டவேண்டிய குடிமகன் எத்தகைய குடிமகன் என்னும் வினா இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இன்று முற்றமும் மாமரமும் உடைய தனிவீடுகள் மறைந்து தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. புகையிரதப் பாதையை ஒட்டி மரைன் டிரைவ் என்னும் புது வீதி செல்ல, அதன் ஓரத்தும் உணவுக்கடைகள். காலி வீதியிலே புடைவையும் நகையும் பனங்கட்டியும் ஒடியலும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தைக் கொழும்பிற் காண்கின்றோம் என்பர். அது பாதி உண்மையே. அக்கடைகளிற் புடைவையை விரித்துக் காட்டுவோரும், சமையலறையிற் புகையுண்போரும், மூட்டை சுமப்போரும் யாவர் எனக் கேட்டுப் பாருங்கள். பசறை, லுணுகலை, அப்புத்தளை, ஹாலிஎல என்று மறுமொழி வரும்.

சென்ற ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணிக்குக் கொழும்பு சென்றிருந்தபோது, ஒரு புடைவைக்கடையில் “சேர்!” என்று அழைத்தவன் என் பழைய மாணவன். பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவன், இலக்கணத்திற் புலி. கடையின் மேல்மாடியில் வேறு அறுவரோடு உறங்குகின்றான். கடை பூட்டியபின் இருவரும் ஒழுங்கை வழியே கடற்கரைக்கு நடந்தோம். அங்கு வந்து மூன்றாண்டாகியும் பகலிற் கடலைக் கண்டது சில முறையே என்றான். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க உயர்தரப் பெறுபேற்றின் பிரதி வேண்டும் எனக் கேட்டான். எம்முகவரிக்கு அனுப்புவது என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தான்.

“கடைக்கு வேணாம், சேர். தோட்டத்து அட்ரசுக்கே அனுப்புங்க. ஆபிசுல குடுப்பாங்க, அம்மா வாங்கி வச்சிருவாங்க.”