மண வட்டம் சிறியது, பதிவேடு பெரியது

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பஞ்சாலைக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். மக்கள்தொகை மரபியல், அதாவது ஒரு மக்கட்கூட்டத்தில் எந்த மரபணு மாற்றம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிடும் துறை, இவ்வூர்களில் காணக்கூடிய சிறப்பு வேறு. விஜயநகரக் காலத்தை ஒட்டிக் குடிபெயர்ந்ததாக மரபுவழி சொல்லப்படும், தெலுங்கு பேசும் ராஜூக்களும், தறியோடு பிணைந்த சாலியர்களும், இன்னும் பல சமூகத்தாரும் ஒரே குளத்து நீரையும் ஒரே ஆலைக் காற்றையும் பகிர்ந்துகொண்டு, ஒரே கடைவீதியில் புழங்கினாலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை மட்டும் பெரும்பாலும் தத்தம் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டுள்ளனர். சூழல் பொதுவாக இருக்க மரபு வேறுபடும் இந்த நிலை, ஒரு நோய்க்குச் சூழல் எவ்வளவு காரணம், மரபு எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய முயலும் கொள்ளைநோயியலாளருக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு. (கொள்ளைநோயியல் என்பது தொற்றுகளை மட்டும் ஆராயும் துறையன்று, எந்த நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று மக்கள்திரள் அளவில் ஆராயும் துறை.)

தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணம் செய்வது அருகிவருவதாக ஓர் எண்ணம் நிலவினாலும், 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்குக் கால் பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் உறவினரையே மணந்துள்ளனர். நாட்டின் சராசரியோ ஏறத்தாழ 11 விழுக்காடுதான். அத்தை மகன், மாமன் மகள் என்ற முறையில் மணந்தவர்களின் குழந்தைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் படி தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு அது எட்டில் ஒன்று. இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே தலைகாட்டும் நோய்களை ஒடுங்கு நோய்கள் என்பர். ஒரே ஒரு பழுதான படியை உடையவர் நோயற்றவராகவே வாழ்ந்து, தாம் அதைச் சுமப்பதை அறியாமலே மறைவார்.

ஆனால் சொந்தத்தைத் தவிர்த்துவிட்டால் போதும் என்ற பரவலான நம்பிக்கைக்கு மரபியல் முழு ஆதரவு தருவதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சமூகம் மிகச் சில குடும்பங்களிலிருந்து கிளைத்துப் பெருகி, வெளியே மண உறவு கொள்ளாதிருந்தால், அந்த முதற்குடும்பங்களில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுப் பழுது இன்று அச்சமூகத்தில் அரிதானதாக இல்லாமல் போகலாம். இதனை நிறுவனர் விளைவு என்பர். பொது மக்களில் நூற்றில் ஒருவர் ஒரு பழுதைச் சுமந்தால், தற்செயலாக இணையும் தம்பதியருக்குப் பிறக்கும் 40,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும். ஒரு சமூகத்துக்குள் அது பத்தில் ஒருவர் என்றானால், கணக்கு 400 குழந்தைகளுக்கு ஒன்று என்று இறங்கிவிடும். 'சொந்தத்தில் செய்யவில்லை, நம்ம ஆட்களில்தான் செய்தோம்' என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோர், இந்த இரண்டாவது கணக்குக்குள்தான் நிற்கின்றனர்.

மூக்கு சிவந்த, பால்வெள்ளை நிறமுள்ள, 2005இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற ராஜபாளையம் நாயினமே இதை ஓரளவு விளக்கும். நிறத்துக்காகச் சிறு வட்டத்துக்குள் இணைசேர்த்ததன் விலையாக, வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாகின்றன. மனிதர் யாரையும் அப்படித் தேர்ந்து இனம்பெருக்கவில்லை என்பதால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. ஊர்க்காரர்களுக்குக் கண்முன் இருக்கும் சான்று என்ற அளவிலேயே அது இங்குப் பொருந்தும்.

2017இல் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 2,800க்கும் அதிகமானோரின் மரபணு விவரங்களை ஒப்பிட்டது. மரபியலாளர்கள் நெடுங்காலம் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்த பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவான நிறுவனர் விளைவு அவற்றுள் 81 சமூகங்களில் காணப்பட்டது. அந்த 81இல் 14 சமூகங்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை உடையவை. அவற்றுள் ஒன்றான வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரும் சக்சினில்கோலின் என்னும் மருந்தைச் சிதைக்கும் நொதி குறைபடுவது பிறரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். அந்நொதி இல்லாதவருக்கு மருந்தின் வேகம் சில நிமிடங்களில் அடங்குவதற்கு மாறாக மணிக்கணக்கில் நீடித்து மூச்சை நிறுத்திவைக்கும் என்பதால், தென்னிந்திய மயக்க மருத்துவர்கள் இதை அனுபவத்தில் அறிந்து, நோயாளியின் சமூகத்தையும் கேட்டறிந்து மருந்தை மாற்றுவது வழக்கமாயிற்று. சாதியைக் கேட்பது மருத்துவப் பயனுடையதாகும் அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று. ஒரு ரத்தப் பரிசோதனை அந்தக் கேள்வியையும் தேவையற்றதாக்கிவிடும்.

சிறிய ஆய்வுகள் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எங்கே தடுமாறும் என்பதை விளங்கிக்கொள்ள ராஜபாளையத்துக்கு அண்மையிலுள்ள மதுரையோடு தொடர்புடைய கண்டுபிடிப்பு ஒன்றே போதும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் தங்கராஜ் உள்ளிட்ட பிறரும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, இதயத் தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், இதயத் தசை நோய்க்கான வாய்ப்பை அது சுமார் ஏழு மடங்காக்குகிறது என்றும் கூறியது. கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் இதய நோய் அபாயத்துக்குரியவர்களாக எண்ணப்பட்டனர். பதினோர் ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளி நோயாளிகளின் விவரங்களைப் பெரிய தரவுத்தொகுப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த விடுபடல் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு அரிய மாற்றமே உண்மைக் காரணம் என்றும், விடுபடலை மட்டும் உடையோர் பெரிதும் அஞ்சவேண்டியதில்லை என்றும் காட்டினர். முதல் ஆய்வைப் பிழையென்று ஒதுக்குவது நேர்மையன்று. அது கதவைச் சரியாகக் காட்டியது, உள்ளே எந்த அறை என்பதைச் சொல்லும் அளவுக்கு ஆட்கள் அப்போது அதனிடம் இல்லை.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆற்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்களின் மகப்பேற்று வரலாற்றை ஆராய்ந்தபோது, சொந்தத்தில் மணந்தவர்களுக்கும் பிறருக்கும் இடையே மலட்டுத்தன்மை, கருச்சிதைவு போன்றவற்றில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பல நூற்றாண்டுகளாக உறவில் மணந்ததால் கொடிய பழுதுகள் முன்னமே களையப்பட்டிருக்கலாம் என்ற விளக்கம் அதையொட்டி வலுப்பெற்றது. ஆனால் தனித்தனியாக மிக அரிதான நூற்றுக்கணக்கான ஒடுங்கு நோய்களை மகப்பேற்றுக் கணக்கு மட்டும் பிடித்துவிடாது. மரபணு வாசிப்பும் வாழ்நாள் மருத்துவப் பதிவும் ஒருசேர வேண்டும். கிழக்கு லண்டன், பிராட்போர்டு முதலிய இடங்களில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளியினர் 3,222 பேரிடம் 2016இல் அவ்வாறு செய்தபோது, 781 மரபணுக்களில் இரு படிகளும் செயலிழந்திருக்கக்கூடிய பெரியவர்கள் கண்டறியப்பட்டனர். இனப்பெருக்கத்துக்கு இன்றியமையாதது என்று எலிகளில் கருதப்பட்ட மரபணு ஒன்று முற்றிலும் செயலற்றிருந்த பெண் நலமுள்ள தாயாக இருந்தார். உறவுத் திருமணம் நிறைந்த சமூகங்கள் நோயை மட்டுமல்லாமல், எந்தெந்த மரபணு இல்லாமல் மனிதர் வாழமுடியும், ஆகவே எதை மருந்தால் அஞ்சாமல் அடக்கலாம் என்ற அறிவையும் தருகின்றன.

தமிழ்நாட்டில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. கருவுற்ற தாய்மார்களைப் பதிவுசெய்யும் பிக்மி, 2021 ஆகஸ்டில் தொடங்கி வீடு தேடிச் சென்று நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம், அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடு இணைந்த மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடு என்று விவரங்கள் குவிகின்றன. மறுபக்கம், 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் எண்பதுக்கும் மேற்பட்ட சமூகங்களிலிருந்து பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து, பரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்த்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. முதல் வகை, நோயை அறியும், மரபணுவை அறியாது. இரண்டாவது, மரபணுவை அறியும், அந்த மனிதர் பின்னாளில் என்ன நோயுற்றார் என்பதை அறியாது. ஐந்து லட்சம் பேரை 2006 முதல் 2010 வரை சேர்த்த பிரிட்டனின் யுகே பயோபேங்க், இவ்விரண்டையும் ஒரே எண்ணின் கீழ்ப் பிணைத்ததால்தான் உலகெங்கும் பயன்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் ஏறத்தாழ 1,30,000 பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேரும் இருந்தனர். இந்த அளவு ஊர்களில் ஒப்புதல் தருவோரை மட்டும் சேர்த்து, பெற்றோரின் பூர்வீகம், மண உறவு முறை ஆகியவற்றோடு பஞ்சுத் தூசியில் கழித்த ஆண்டுகளையும் பதிந்தால், எண்ணிக்கையில் சிறிதாயினும் செறிவில் அது பெரிய தொகுப்பாகும்.

பயன் ஆய்வாளரோடு நிற்கவேண்டியதில்லை. நியூயார்க்கில் தன் குழந்தைகளைக் கொடிய டே-சாக்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த யூத குரு யோசப் எக்ஸ்டைன் 1983இல் தொடங்கிய தோர் யெஷோரிம் அமைப்பு, இளைஞர்களைப் பரிசோதித்து எண் மட்டும் தருகிறது. வரன் பேசும்போது இரு எண்களையும் சொன்னால், இருவரும் ஒரே பழுதைச் சுமக்கிறார்களா என்று மட்டும் பதில் வரும். ஜாதகம் பார்த்து வரன் முடிக்கும் ஊர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

தடை தனியுரிமையில்தான் இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது லண்டனுக்குப் பொருந்தலாம். மண வட்டம் சுருங்கிய ஊரில் சமூகம், வயது, தெரு என்ற மூன்றே விவரங்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கும், 'அந்த வீட்டில் நோய்' என்ற பேச்சு பெண்ணின் மணவாய்ப்பையும் கெடுக்கும். ஐஸ்லாந்து 1998இல் நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும், மறுப்புத் தெரிவித்தோர் நீங்கலாக, ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. இறந்துபோன தந்தையின் பதிவு அதில் சேரக்கூடாது, அதிலிருந்து தன் மரபும் தெரிந்துவிடும் என்று மகள் ஒருவர் தொடுத்த வழக்கை 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒருவரின் மரபணு அவருக்கு மட்டும் உரியதன்று என்ற அந்த வாதம் ராஜபாளையத்தில் இன்னும் கூர்மையாகும். தாய்மாமனை மணந்த பெண், பிறப்பாலேயே அவருடைய மரபணுவில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்டவர். அவர்களுடைய பிள்ளைகளோ அந்தப் பொதுப் பங்கை இருவரிடமிருந்தும் பெறக்கூடியவர்கள். ஆய்வுக்கு ரத்தம் தரும் கணவனிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட ஒருவருக்கு மட்டுமே இடம் இருக்கிறது.