யோகம் முதிர்வது எப்போது?

திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில் உள்ள கும்மிடிப்பூண்டிக்குச் சென்னையிலிருந்து செல்லும் மின்சார ரயிலைப் பாருங்கள். மீஞ்சூரும் பொன்னேரியும் கடந்த பிறகும் அதில் கூட்டம் குறைவதில்லை. பெரும்பாலோர் சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்கிறவர்கள். ஒரு வாரம் பகல் வேலை. மறு வாரம் இரவு வேலை. ஊணும் உறக்கமும் முறை தவறும் இத்தகைய வாழ்க்கையிலும், பாயை விரித்து நாலு ஆசனங்கள் செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால், ஆரம்பத்தில் கண்ட உற்சாகம் சில ஆண்டுகளில் குன்றிவிடுகிறது. உடனே, இன்னும் கடினமான ஆசனங்களைக் கற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அது வழியன்று என்பதே நமது கருத்து.

வழி காட்டியவர் நம்மிடையே வாழ்ந்த ஒரு பெரியவர். 1888-ல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தியவர். 1950-களில் சென்னைக்கு வந்தார்; 1989-ல் நூறு வயது நிரம்பி மறைந்தார். பி. கே. எஸ். ஐயங்காரும், பட்டாபி ஜோயிஸும், அந்நிய நாட்டிலிருந்து வந்த இந்திரா தேவியும் அவருடைய மாணாக்கர்களே. அவருடைய குமாரர் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை ஸ்தாபித்தார்.

அந்த மரபில் சுவாசத்துக்கே முதலிடம். கைகளை உயர்த்தும் முன்பே மூச்சு உள்ளே செல்லத் தொடங்க வேண்டும். கைகள் உயர்ந்து நின்ற பின்னரே அது முடிய வேண்டும். குனியும்போது வெளி மூச்சும் அப்படியே. மூச்சுத் திணறினால், உடல் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும். சர்வாங்காசனம் செய்தால், சற்று இளைப்பாறி, அதற்கு மாற்றாகப் புஜங்காசனம் செய்ய வேண்டும். ஆளுக்கும் வயதுக்கும் தொழிலுக்கும் தக்கபடி அப்பியாசமும் மாற வேண்டும். இரவு வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு, படுக்குமுன் வெளி மூச்சைச் சிறிது சிறிதாக நீட்டும் எளிய பயிற்சியே ஏற்றது. ரத்தக் கொதிப்போ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமலும் ஆசிரியரின் துணையின்றியும் மூச்சை அடக்குவதும் சிரசாசனம் செய்வதும் கூடாது.

அப்பியாசம் வேரூன்றப் பதஞ்சலி முனிவர் விதித்தவை மூன்று: நெடுங்காலம், இடையறாமை, சிரத்தை. கடினமான ஆசனம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் பதினைந்து நிமிஷத்துக்கும் இம்மூன்றும் எட்டும்.

ஜூன் 21-ஆம் தேதியைச் சர்வதேச யோகா தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் அறிவித்தது. மறு ஆண்டு முதல் உலகமே அதைக் கொண்டாடுகிறது. இது நமக்குப் பெருமைதான். ஆயினும் அப்பெருமையைக் காக்க வேண்டியவை எஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் நாட்கள். நாளைக் காலை புதிய ஆசனம் எதுவும் வேண்டாம். பழைய ஆசனத்தையே, மூச்சைக் கவனித்துச் செய்து பாருங்கள். இத்தனை நாள் அதை எவ்வளவு அவசரமாகச் செய்து வந்தோம் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.